முகத்து முடிக்கு த்ரெடிங்கா, வெக்ஸா, கிரீமா? முதல் தடவ போறவங்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, எந்த டவுனுக்கு போனாலும் இப்ப பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஏதாவது ஒரு மாடியில பியூட்டி சலூன் போர்ட் தொங்குது. ஆனா தோட்டத்துல இருந்து வர்ற நம்ம புள்ளைங்க நெறைய பேர் மாடிப்படி வரைக்கும் வந்துட்டு ஏறாமலே திரும்பி போயிடுறாங்க. உள்ள போயி என்னன்னு கேக்குறது, எவ்வளவு வலிக்கும், முடி இன்னும் தடிப்பா வளந்துடுமோ, ஐப்ரோவ மெல்லிசா ஆக்கி வச்சா வீட்டுல அம்மா என்ன சொல்லுவாங்க, இப்பிடி ஆயிரம் யோசன. நான் த்ரெடிங், அதாவது நூலால முடி எடுக்குற வேலதான் செய்றேன், கதிரையில உக்காந்த உடனே எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

மொதல்லயே என் முடிவ சொல்லிடுறேன். நம்ம மாநிறம், கறுப்பு ஸ்கினுக்கு, நம்ம கையில இருக்குற காசுக்கு, ஐப்ரோவுக்கும் மேல் ஒதட்டுக்கும் முதல்ல பாக்க வேண்டியது த்ரெடிங்தான். நாடியில, கழுத்துல தடிச்ச கறுத்த முடி வருதுன்னா அது வேற கத, அங்க நூல எடுக்குறதுக்கு முன்னாடி காரணத்த பாக்கணும். முகம் வெள்ளையாக கலர் கிரீம் பூசுறவங்க வெக்ஸ் (சூடான மெழுக பூசி இழுத்து எடுக்குறது) பக்கமே போகாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல உங்க முடி எந்த முடின்னு பாருங்க

பகல் நேரத்துல ஜன்னல் பக்கம் கண்ணாடிய புடிச்சிகிட்டு நில்லுங்க, பல்ப் வெளிச்சத்துல சரியா தெரியாது. மெல்லிசா, நிறம் கொறஞ்சி, தொட்டா பஞ்சா இருக்குறது பூன முடி. அது எல்லா பொம்பளைங்களுக்கும் கன்னத்துல, நெத்தியில, மேல் ஒதட்டுல இருக்கும், அது நோய் இல்ல, எடுக்காம விட்டாலும் ஒரு தப்பும் இல்ல. இன்னொன்னு கறுத்து, தடிச்சி, எடுத்தா ரெண்டு நாள்ல கையில குத்துற முடி. இது நாடிக்கு கீழ, தாடையோரம், கிருதா பக்கம் வருதான்னு பாருங்க. இந்த ரெண்டையும் பிரிச்சி பாத்துட்டா பாதி முடிவு அங்கயே வந்துடும், ஏன்னா பூன முடிக்கு நல்லா இருக்குற வழி தடிச்ச முடிக்கு சரி வராது, லேசர் மாதிரி சில வழி தடிச்ச முடிக்கு மட்டும்தான் வேல செய்யும்.

மச்சத்துல முளைக்கிற முடி தனி. கொஞ்சம் மேல எழும்பின மச்சம்னா அது மேல நூல ஓட்ட விடாதீங்க, சின்ன கத்திரிக்கோலால முடிய மட்டும் வெட்டி விட்டா போதும். மருவும் அப்பிடித்தான். மரு மேல நூல் பட்டு ஸ்கின் கீறுனா அந்த வைரஸ் பக்கத்து எடத்துக்கும் பரவும், இத சலூன்ல வேல செய்ற சில பேருக்கே தெரியாது, அதனால நீங்களே வாய தொறந்து சொல்லணும்.

த்ரெடிங்னா என்னதான் நடக்குது

சாதாரண பருத்தி நூல்தான். பாலியஸ்டர், நைலோன் நூல் கூடாது, அது வழுக்கும், ஸ்கின்ன அறுக்கும். நூல ரெட்டையாக்கி நடுவுல பல தடவ முறுக்குனா ரெண்டு பக்கமும் ஒரு வாய் தொறக்கும், ஒரு பக்கம் வெரல விரிச்சா முறுக்கு மத்த பக்கம் ஓடும், ஓடுற வேகத்துல அந்த வாய்க்குள்ள இருக்குற முடியெல்லாம் சுத்திகிட்டு வேரோட வந்துடும். ஒரே இழுப்புல ஒரு வரிசையே வரும், அதனாலதான் ட்வீசரால ஒவ்வொண்ணா புடுங்குறத விட சீக்கிரம் முடியுது, ஓரமும் நேரா வருது. இது இந்தியாவுலயும் ஈரானுலயும் அரபு நாடுகள்லயும் ரொம்ப காலமா இருக்குற வேல. குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்கு போயிட்டு வந்த அக்காமார்ல சில பேர் அங்க வீட்டம்மா முகத்துல நூல் போடுறத பாத்ததா சொல்லுவாங்க.

வேரோட வர்றதால திரும்ப முளைக்க ரெண்டு கிழமையில இருந்து ஆறு கிழமை வரைக்கும் ஆகும், நெறைய பேருக்கு மூணு நாலு கிழமை. எல்லா முடியும் ஒரே நேரத்துல வளர்றது இல்ல, கொஞ்சம் வளந்துகிட்டு இருக்கும், கொஞ்சம் ஸ்கின்னுக்கு உள்ளேயே தூங்கிகிட்டு இருக்கும். அதனால முதல் தடவ எடுத்து ஒரு கிழமையிலயே அங்கங்க முடி தெரிஞ்சா சரியா எடுக்கலன்னு நெனைக்காதீங்க, அது அடுத்த செட்டு.

ஷேவ் பண்றதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த நான் தோட்டத்து புள்ளைங்களுக்கு இப்பிடித்தான் சொல்லுவேன், ரேசர் போடுறது தேயிலைக்கு கவ்வாத்து வெட்டுறது, த்ரெடிங் புல்ல வேரோட புடுங்குறது. அதுக்காக ரேசர் போட்டா முடி தடிக்கும்னு சொல்றத நம்பாதீங்க. 1928லயே மில்ட்ரெட் ட்ரோட்டர்னு ஒரு அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் இத அளந்து பாத்து, ஷேவ் பண்றதால முடியோட தடிப்போ வேகமோ கூடலன்னு எழுதிட்டாங்க. வெட்டுன முடியோட நுனி மொட்டையா இருக்கும், அது கையில குத்துறதாலதான் தடிச்ச மாதிரி தோணுது. த்ரெடிங் போட்டாலும் முடி அதிகமாகாது. "ஒரு தடவ ஆரம்பிச்சா விடவே முடியாது"ன்னு பக்கத்து வீட்டு பெரியம்மா சொன்னா, விட்டுட்டா பழைய மாதிரியே வரும், அவ்வளவுதான்னு சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் உண்ம. ஐப்ரோவ வருசக்கணக்கா ஒரே எடத்துல மெல்லிசா எடுத்துகிட்டே இருந்தா சில முடி பிறகு வராமலே போயிடும். அதனாலதான் முதல் தடவ போறவங்க "ஷேப் மாத்த வேணாம், கீழ பக்கம் க்ளீன் மட்டும் பண்ணுங்க"ன்னு சொல்லணும்னு நான் வற்புறுத்துறேன். எடுக்காம விட்டத அடுத்த தடவ எடுத்துக்கலாம்.

போறதுக்கு முன்னாடி

முடி ரெண்டு மூணு மில்லிமீட்டராவது இருக்கணும், அப்பதான் நூல் புடிக்கும். அதனால ஒரு மூணு கிழமைக்கு வீட்டுல ட்வீசரையும் ரேசரையும் தொடாம விடுங்க. கொஞ்சம் காடா இருந்தாலும் பரவாயில்ல, சலூன்காரங்க அதவிட காடெல்லாம் பாத்தவங்க.

கல்யாணம், தேர் திருவிழா, தீவாளின்னு ஏதாவது இருந்தா அன்னைக்கு காலையில போயி உக்காராதீங்க. பழகுனவங்களுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி போதும். முதல் தடவன்னா ஒரு கிழமைக்கு முன்னாடியே போங்க, ஏன்னா உங்க ஸ்கின் என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது, சில பேருக்கு அரை மணி நேரத்துல சிவப்பு போயிடும், சில பேருக்கு அடுத்த நாள் சின்ன சின்ன பருவா கெளம்பும். பீரியட்ஸ் வர்றதுக்கு கிட்டத்துல நெறைய பேருக்கு வலி கூட தெரியும், அந்த நாள தள்ளி வச்சா நல்லது.

கொழுந்து எடுக்க போறவங்க கிழமையில கடைசி வேல நாள் சாயங்காலம் இல்லன்னா ஞாயித்துக்கிழமை போங்க. த்ரெடிங் போட்ட எடத்துல முடி வந்த ஓட்டையெல்லாம் ஒரு நாளைக்கு தொறந்த மாதிரிதான் இருக்கும், அடுத்த நாள் காலையிலேயே மலைக்கு போயி வேர்வையும் தூசியும் பட்டா சீழ் கட்டின சின்ன கட்டி வரும். நெத்தியில நூல் போட்டவங்களுக்கு இன்னும் கஷ்டம், கொழுந்து கூடையோட கயிறு அதே எடத்துல அழுத்தி ஒரசும். மருந்து அடிக்கிற வேல இருந்தா கண்டிப்பா ஒரு நாள் விட்டுத்தான் போகணும்.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு, கலர் கிரீம். கடையில பேரு கூட ஒழுங்கா போடாம சின்ன டப்பாவுல விக்கிறது, பத்து நாள்ல வெள்ளையாகலாம்னு ஃபோன்ல காட்டி விக்கிறது, இதுல பலதுல ஸ்டீரொய்ட் இருக்கு, சிலதுல பாதரசம் இருக்கு. ஸ்டீரொய்ட் கிரீம மாசக்கணக்கா முகத்துல பூசுனா ஸ்கின் மெல்லிசாகும், சிவப்பு நரம்பு தெரியும், பரு கெளம்பும், அதோட முகத்துல முடியும் வளரும். ஆமா, முடி வளரும். முடிய எடுக்க வர்ற சில புள்ளைங்களுக்கு அந்த முடியவே அந்த கிரீம்தான் கொண்டு வந்திருக்கும், அத நெனைச்சா எனக்கு ரொம்ப வேதனையா இருக்கும். அந்த ஸ்கின்ல வெக்ஸ் போட்டா தோலும் சேந்து உரிஞ்சி வரும். த்ரெடிங்லயும் அறுபட வாய்ப்பு இருக்கு. அப்பிடி ஏதாவது பூசுனா மறைக்காம சொல்லுங்க, நல்ல சலூன்காரங்க இன்னைக்கு வேணாம்னு திருப்பி அனுப்புவாங்க. கிரீம திடீர்னு நிப்பாட்டுனாலும் முகம் சிவந்து எரியும், அதனால நிப்பாட்டுறத பத்தி ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட கேட்டு செய்யுங்க.

பருவுக்கு டாக்டர் குடுத்த மருந்தும் சொல்லணும். அடபலீன், ட்ரெட்டினொயின் கிரீம் பூசுறவங்களுக்கு வெக்ஸ் ஆகாது. ஐசோட்ரெட்டினொயின் மாத்திர குடிக்கிறவங்க, குடிச்சி நிப்பாட்டி ஆறு மாசம் ஆகாதவங்களுக்கும் வெக்ஸ் ஆகாது. த்ரெடிங் தோல ஒட்டி இழுக்காததால கிரீம் பூசுறவங்களுக்கு அதுதான் வெக்ஸ விட பாதுகாப்பு, அதுவும் சில நாளைக்கு கிரீம நிப்பாட்டிட்டு செய்றது நல்லது. ஒதட்டோரம் கொப்புளம் வந்திருந்தா, பரு பழுத்திருந்தா, ஆறுன பிறகு போங்க.

சலூன்ல என்ன பாக்கணும்

ஏறுன உடனே கதிரையில உக்காராம ரெண்டு நிமிசம் நின்னு பாருங்க. நூல் கட்டையில இருந்து உங்களுக்குன்னு புதுசா அறுத்து எடுக்குறாங்களா, முந்தின ஆளுக்கு போட்ட நூல் கையிலயே தொங்குதா. கை கழுவுறாங்களா. ட்வீசரையும் கத்திரிக்கோலையும் சேர்ஜிகல் ஸ்பிரிட் போட்டு தொடைக்கிறாங்களா. சில பேர் பல்லால நூல கடிச்சி புடிச்சி செய்வாங்க, பழைய முறை அது, வேகமா வரும், ஆனா எச்சில் பட்ட நூல் முகத்துல ஓடக்கூடாது. கழுத்துல கட்டிகிட்டோ ரெண்டு கையாலயுமோ செய்றவங்க இருக்காங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது. "அக்கா, புது நூல்தானே?"ன்னு கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அதுக்கு கோவப்படுற எடத்துல உங்க முகத்த குடுக்க வேணாம்.

வெலய முதல்லயே கேளுங்க. ஐப்ரோ தனி, மேல் ஒதடு தனி, நாடி தனி, முழு முகம் தனின்னு போடுவாங்க. ஐப்ரோ மட்டும்னா சில நூறு ரூபாயோட முடியும். உக்காந்த பிறகு "ஃபேஷியலும் பண்ணிடலாமா, முகம் டல்லா இருக்கே"ன்னு கேப்பாங்க. வேணாம்னு சொல்லுங்க. காசுக்காக மட்டும் சொல்லல, நூல் போட்ட அன்னைக்கே ஸ்க்ரப், ப்ளீச், ஸ்டீம் எல்லாம் சேத்து போட்டா முகம் தாங்காது.

கதிரையில

முகத்த கழுவி ஈரமில்லாம தொடைச்ச பிறகு கொஞ்சம் பவுடர் தட்டுவாங்க, அது எண்ணெய எடுத்து முடிய பிரிச்சி காட்டும். ஐப்ரோன்னா உங்க ரெண்டு கையையும் கேப்பாங்க. ஒரு கையால ஐப்ரோவுக்கு மேல நெத்திய மேல இழுத்து புடிக்கணும், மத்த கையால கண் இமைய கீழ இழுத்து புடிக்கணும், கண்ண மூடி. இந்த இழுப்புதான் எல்லாம். ஸ்கின் தளந்து இருந்தா நூல் முடியோட ஸ்கின்னையும் கவ்வும், அப்பதான் வெட்டு விழுறது. வலிச்ச உடனே நெறைய பேர் கைய விட்டுடுவாங்க, கைய விடாம வாயால "அக்கா நிப்பாட்டுங்க"ன்னு சொல்லுங்க, நிப்பாட்டுவாங்க.

மேல் ஒதட்டுக்கு நாக்க மடிச்சி ஒதட்டுக்கு உள் பக்கம் வச்சி வெளிய தள்ளணும், இல்லன்னா மேல் ஒதட்ட உள்ள மடிச்சி பல்லுக்கு அடியில புடிக்கணும். உள்ளதுலயே வலி கூட இந்த எடம்தான், அதுவும் மூக்குக்கு நேர் கீழ. கண்ணுல தண்ணி வரும், தும்மல் வரும், அது அழுக இல்ல, அந்த நரம்பு அப்பிடி. தும்மல் வர்றப்ப கைய தூக்கி காட்டுங்க. மொத்தமே சில நிமிசம்தான். நாடிக்கு தலைய பின்னால சாச்சி கழுத்த நல்லா நீட்டணும்.

பாதியில கண்ணாடிய கேட்டு வாங்கி பாருங்க. ஒரு பக்கம் முடிஞ்ச உடனே பாத்தா மத்த பக்கத்துக்கு சொல்ல முடியும். ரெண்டு ஐப்ரோவும் யாருக்குமே அச்சு ஒண்ணா இருக்காது, ரெண்டையும் சமமாக்குறேன்னு மாறி மாறி எடுத்துகிட்டே போனா கடைசியில ரெண்டும் மெலிஞ்சிடும், அந்த எடத்துல போதும்னு நீங்கதான் சொல்லணும்.

வீட்டுலயே பழகணும்னு ஆசை உள்ளவங்க முகத்துல ஆரம்பிக்காதீங்க, கால்ல பழகுங்க. கை நீளத்துக்கு ரெட்டையா வர்ற மாதிரி நூல எடுத்து நுனி ரெண்டையும் முடிச்சி போட்டு, ரெண்டு கையிலயும் மாட்டி, நடுவுல ஏழெட்டு முறுக்கு குடுங்க. முடி எந்த பக்கம் படுத்திருக்கோ அதுக்கு எதிர் பக்கமா முறுக்கு ஓடணும். கால்ல ஸ்கின் வெட்டுப்படாம எடுக்க வந்த பிறகு மேல் ஒதட்டுக்கு வாங்க. ஐப்ரோவ கடைசி வரைக்கும் வேற ஆள்கிட்ட குடுக்குறதுதான் நல்லது.

வந்த பிறகு ஒரு நாள்

பச்ச தண்ணியால தொடைச்சி, சுத்தமான துணியில ஐஸ் சுத்தி ஒத்தி எடுங்க. கத்தாழ ஜெல் பூசலாம், தோட்டத்து கத்தாழைய வெட்டுனா அந்த மஞ்ச பால் முழுசா வடிஞ்ச பிறகு உள்ள இருக்குறத மட்டும் எடுக்கணும், மஞ்ச பால் அரிக்கும். அன்னைக்கு மேக்கப், வாசன கிரீம், சுடுதண்ணி ஆவி, அடுப்படியில நெருப்பு முன்னாடி ரொம்ப நேரம் நிக்கிறது, எல்லாம் தவிருங்க. கைய வச்சி தடவி தடவி பாக்காதீங்க, அதுலதான் பாதி பரு வருது.

வெயில் விசயத்துல நம்ம ஊர் ஏமாத்தும். குளிரா இருக்கு, மூடுபனி போட்டிருக்கு, வெயிலே இல்லன்னு நெனைப்போம், ஆனா நுவரெலியா டவுன் கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் ஒசரம், ஆயிரம் மீட்டர் ஏற ஏற புற ஊதா கதிர் பத்து சதவீதம் போல கூடும், பனிமூட்டம் அத முழுசா தடுக்காது. முடி எடுத்து சிவந்த எடத்துல அந்த வெயில் பட்டா நம்ம நிறத்துக்கு கறுப்பு தழும்பா மாறி மாசக்கணக்கா நிக்கும். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் இருந்தா அடுத்த நாள்ல இருந்து பூசுங்க, இல்லன்னா தொப்பி, தலைத்துணிய முன்னால இழுத்து விட்டுக்குங்க. ஜனவரி, பெப்ரவரி காத்துல முகம் வெடிச்சி இருக்குற நேரத்துல முதல்ல வெடிப்பு ஆறட்டும், பிறகு நூல் போடலாம்.

மத்த வழிகள பத்தி

வெக்ஸ். கன்னம், கிருதா மாதிரி பெரிய எடத்துக்கு வேகமா வேல முடியும், வேரோட வர்றதால நாளும் த்ரெடிங் அளவு நிக்கும். ஆனா சூடு கூடுனா சுட்டுடும், முகத்து தோலோட மேல் படல கொஞ்சம் எடுத்துட்டுத்தான் வரும், சுட்ட எடம் நம்ம ஸ்கின்ல கறுப்பா நிக்கும். ஒரே குச்சிய முகத்துல வச்சி திரும்ப அதே டின்னுக்குள்ள விடுறாங்களான்னு பாருங்க, விட்டா எழும்பி வந்துடுங்க, முந்தி வந்தவங்க முகத்துல இருந்த கிருமி எல்லாம் அந்த டின்னுக்குள்ள இருக்கும். கை காலுக்கு வெக்ஸ் நல்லது. முகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

முடி எடுக்குற கிரீம், வீட், ஆன் ஃப்ரெஞ்ச் மாதிரி. இதுல இருக்குற தயோகிளைக்கோலேட் முடிய கரைச்சி ஸ்கின் மட்டத்துல அறுத்து விடும், வேர் உள்ளயே இருக்கும், அதனால சில நாள்ல திரும்ப வரும். வலியே இல்லாததால பயந்த புள்ளைங்க இதுக்குத்தான் முதல்ல போறாங்க. ஆனா முடிய கரைக்கிற அந்த சத்து ஸ்கின்னையும் கரைக்கத்தான் பாக்கும், ரெண்டும் செஞ்சது ஒரே புரதத்துல. முகத்துக்குன்னு போட்ட கிரீம மட்டும் வாங்குங்க, கை காலுக்கு உள்ளத முகத்துல போடாதீங்க. முந்தின நாள் தாடைக்கு கீழ கொஞ்சமா பூசி கழுவிட்டு 24 மணி நேரம் பாருங்க. அட்டையில போட்ட நேரத்துக்கு மேல ஒரு நிமிசமும் கூடாது, குளிருக்கு வேல செய்யாதுன்னு விட்டு வச்சி மேல் ஒதடு பூரா வெந்து போயி வந்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன். கண்ணுக்கு பக்கத்துல, ஐப்ரோவுல எப்பவும் வேணாம்.

ப்ளீச் முடிய எடுக்காது, நிறத்த மட்டும் வெளுக்கும். வெள்ளையான ஸ்கின்னுக்கு அது மறைஞ்சி போகும், நம்ம நிறத்துக்கு தங்க நெற மீசையா வெயில்ல மின்னும். அத விட கறுப்பாவே இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க.

ஐப்ரோ ரேசர் இப்ப ஃபேன்ஸி கடைங்கள்ல எல்லாம் கெடைக்குது. கன்னத்து பூன முடிக்கு, பரு இல்லாத முகத்துக்கு நல்லா வேல செய்யும், காசும் கம்மி. முகத்த கழுவி, கொஞ்சம் கத்தாழ ஜெல் பூசி, ஸ்கின்ன இழுத்து புடிச்சி, முடி படுத்திருக்குற பக்கமாவே மெதுவா இழுங்க. ஒருத்தர் ரேசர இன்னொருத்தர் தொடக்கூடாது, அக்கா தங்கச்சியா இருந்தாலும். முடிய வேரோட புடுங்குற எபிலேட்டர் மெஷின முகத்துக்கு வாங்கி காச வீணாக்காதீங்க.

மஞ்சளும் கடல மாவும் குப்பைமேனியும் பூசுனா முடி கொட்டிடும்னு அம்மாயி காலத்துல இருந்து சொல்றாங்க. தேச்சி கழுவுறப்ப ஒண்ணு ரெண்டு மெல்லிசு முடி வரும், முகம் மழமழன்னு இருக்கும், அது சந்தோசம்தான், பூசிக்குங்க. வேர அது தொடாது. கறுத்த முடிக்கு அத நம்பி மாசக்கணக்கா காத்திருக்க வேணாம்.

லேசர், எலெக்ட்ரோலிசிஸ்

ஒரே தடவையில நிரந்தரமா போயிடும்னு விளம்பரம் வந்தா நம்பாதீங்க. லேசர் முடியில இருக்குற கறுப்பு நிறத்த புடிச்சி வேர சுடுது, அதனால தடிச்ச கறுத்த முடிக்கு மட்டும்தான். நரைச்ச முடிக்கும் பூன முடிக்கும் அது வேல செய்யாது, பூன முடியில அடிச்சா சில பேருக்கு முடி கூடவும் செய்யும். நாலு ஆறு கிழமைக்கு ஒரு தடவன்னு ஆறு எட்டு தடவ போகணும், அதுக்கு பிறகும் இடைக்கிட தேவைப்படும். நம்ம ஸ்கின்லயும் கறுப்பு இருக்குறதால தப்பான மெஷின்ல ஸ்கின்னே சுட்டுடும், அதனால "இது என்-டி யாக் மெஷினா?"ன்னு கேக்கணும், 1064 நானோமீட்டர்ல வேல செய்ற அதுதான் கறுப்பு நிறத்துக்கு பாதுகாப்பு கூட. ஸ்கின் டாக்டர் இருக்குற எடத்துல மட்டும் செய்யுங்க. நமக்கு கண்டி, கொழும்புன்னு போக வேண்டி வரும், பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் சேத்து கணக்கு போட்டுட்டு எறங்குங்க.

எலெக்ட்ரோலிசிஸ் ஒவ்வொரு வேருக்கும் ஊசி வச்சி கரண்ட் குடுக்குறது. அமெரிக்காவுல மருந்து, மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்குற எஃப்டிஏ நிரந்தரமா எடுக்குறதுன்னு சொல்ல அனுமதிக்கிறது அத மட்டும்தான், லேசர நிரந்தரமா கொறைக்கிறதுன்னுதான் சொல்ல விடுது. நரைச்ச முடிக்கும் வேல செய்யும், ஆனா ரொம்ப மெதுவான வேல.

யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. லேசருக்கு போக நெனைக்கிறவங்க அதுக்கு நாலு ஆறு கிழமைக்கு முன்னாடியே த்ரெடிங், வெக்ஸ், ட்வீசர் எல்லாத்தையும் நிப்பாட்டணும், வேர் உள்ள இருந்தாத்தான் லேசருக்கு சுட ஏதாவது இருக்கும். அந்த நாள்கள்ல ரேசர் மட்டும் போடலாம்.

நாடியில தடிச்ச முடி வர்றவங்களுக்கு

இந்த பகுதிய நீங்க மட்டும் படிச்சிட்டு விடாம வீட்டுல உள்ள தங்கச்சிமாருக்கும் காட்டுங்க. நாடி, கழுத்து, தாடையோரம், நெஞ்சு, வயித்துக்கு கீழ கறுத்த முடி வருது, அதோட பீரியட்ஸ் மாசம் தள்ளி தள்ளி வருது, பரு அடங்குறது இல்ல, ஒடம்பு வெயிட் போடுது, கழுத்து மடிப்புல வெல்வெட்டு மாதிரி கறுப்பு படியுதுன்னா அது பிசிஓஎஸ்னு சொல்ற ஹோர்மோன் கோளாறா இருக்கலாம். அது முகத்து பிரச்சன இல்ல, ஹோர்மோன் பிரச்சன, பிறகு சீனி வருத்தத்துக்கும் புள்ள தங்குறதுல தாமதத்துக்கும் போகலாம். நம்ம பக்கத்துல இத வெக்கம்னு மூடி வைக்கிறாங்க, "மீசக்காரி"ன்னு பள்ளிக்கூடத்துல சொன்னதுக்காக படிப்பையே விட்ட புள்ளைங்க இருக்காங்க. அது அந்த புள்ள செஞ்ச தப்பு இல்ல, அத கேலி பண்றவங்க வாய பெரியவங்க அடக்கணும்.

இந்த முடிய ஒவ்வொரு கிழமையும் நூலாலயும் ட்வீசராலயும் புடுங்குனா முடி உள்ளேயே சுருண்டு வளந்து கட்டி கட்டியா வரும், ஊசியால கிண்டுனா நாடி பூரா கறுத்து போயிடும். வைத்தியம் பலன் குடுக்குற வரைக்கும் ரேசரால எடுக்குறதுதான் ஸ்கின்னுக்கு நல்லது. மாத்திர மருந்து டாக்டர் சொல்லித்தான், பக்கத்து வீட்டு அக்கா குடிக்கிறத வாங்கி குடிக்காதீங்க. மருந்து ஆரம்பிச்சாலும் முடியில வித்தியாசம் தெரிய ஆறு மாசம் போல ஆகும், ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஆகலன்னு விட்டுடாதீங்க.

சில மாசத்துக்குள்ள திடீர்னு வேகமா முடி வருது, கொரல் தடிக்குது, முன் தலையில முடி கொட்டுதுன்னா தள்ளிப் போடவே கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும்.

எங்க போறதுன்னு தெரியலன்னா தோட்டத்துக்கு வர்ற மிட்வைஃப் மிஸ்கிட்ட முதல்ல சொல்லுங்க, அவங்க சரியான எடத்துக்கு அனுப்புவாங்க. இல்லன்னா டிக்கோயா, நுவரெலியா, பதுளன்னு கிட்ட இருக்குற ஆஸ்பத்திரி ஓபிடியில நம்பர் எடுத்துட்டு கிளினிக்குக்கு துண்டு கேளுங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இதுக்கு காசு இல்ல. டாக்டர் சிங்களத்துல பேசுவாரோன்னு பயமா இருந்தா விசயத்த ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, கடைசி மூணு நாலு பீரியட்ஸ் வந்த தேதி, முடி எப்ப இருந்து, என்ன கிரீம் பூசுனீங்க, என்ன மாத்திர குடிச்சீங்க. கிரீம் டப்பாவையே பையில போட்டு கொண்டு போங்க. அந்த கிளினிக்குக்கு முந்தின ரெண்டு மூணு கிழமைக்கு நாடியில நூலும் போடாதீங்க ரேசரும் போடாதீங்க, மொழுமொழுன்னு எடுத்துட்டு போயி நின்னா டாக்டருக்கு பாக்க ஒண்ணும் இருக்காது. அத்தன நாள் வெளிய தல காட்ட முடியாதுன்னா, எடுக்குறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல நாடிய கிட்டத்துல வச்சி ரெண்டு மூணு ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல வச்சிக்குங்க, அத காட்டுனா போதும்.